குஞ்சின் வயிற்றிலுள்ள கட்டுச்சோறு

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், நமது சரகத்திலுள்ள சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். நெசவாளர்களும் விவசாயிகளும் ஒருங்கே அங்கம் வகிக்கும் சங்கம் அது. தறிக் கூலிக்கும் வெள்ளாமை வரவுக்கும் துணையாக உபதொழில் ஒன்று இருக்கட்டும் என்னும் எண்ணத்துடன், அங்கத்தினர் அறுவருக்குக் கோழி வளர்ப்புக் கடன் வழங்கி, ஒரே பொரிப்பகத்திலிருந்து 600 குஞ்சுகளைத் தருவித்து, ஆளுக்கு ஒரு பெட்டியாகப் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுகையில் நிர்வாகக் குழுவின் கடைசித் தீர்மானம் நம் கண்ணில் பட்டது. குஞ்சுகள் நலிந்தவையாக வந்தபடியால் பொரிப்பகத்துக்குச் சேர வேண்டிய பாக்கியை நிறுத்தி வைப்பதென்றும், நஷ்டஈடு கோருவதென்றும் அதில் கண்டிருந்தது.

விசாரித்ததில், நெசவாள அங்கத்தினரான ஓர் அம்மையாரிடம் ஏழு நாளில் நூற்றுக்கு 34 குஞ்சுகள் மடிந்திருந்தன. அடுத்த தெருவில் மஞ்சள் பயிரிடும் விவசாயி ஒருவரிடம் மடிந்தவை நான்கே. ஒரே பொரிப்பகம், ஒரே நாள், ஒரே வண்டி. பின் வித்தியாசம் எங்கே? பெட்டிகள் ஊர் வந்து சேர்ந்தது இரவு ஒன்பது மணிக்கு. விவசாயி அன்றிரவே பெட்டியைத் திறந்து தண்ணீர் காட்டியிருந்தார். அம்மையார் வீட்டிலோ விடிந்தால் பாவு போட வேண்டிய வேலை. பெட்டியை மூடியபடியே திண்ணையில் வைத்துவிட்டு, மறுநாள் உச்சிவேளைக்குமேல் திறந்தார்கள். ஏன் அவ்வாறு செய்தீர்கள் என்று கேட்டோம்.

“மூணு நாளைக்கு வயித்துக்குள்ளயே சோறு இருக்குது, ஒண்ணும் பயமில்லீங்கன்னு போன மகாசபையில நீங்கதானுங்களே ஐயா சொன்னீங்க?” என்றார் அவர்.

அவர் கூறியது மெய். முந்திய ஆண்டு மகாசபையில் உபதொழில்கள் பற்றிப் பேசுகையில் நாம்தாம் அவ்வாறு கூறினோம். எங்கோ படித்ததை, பாதி அறிந்து, முழு அறிந்தவர்போலச் சொல்லியிருக்கிறோம். ஆகவே இக்கட்டுரை, அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்பதோடு, நாம் செய்த பிழைக்கு நாமே எழுதும் திருத்தமும் ஆகும்.

மூன்று நாட் சோறு என்னும் பேச்சு முழுப் பொய்யன்று. முட்டைக்குள் இருபத்தொரு நாள் வளரும் குஞ்சுக்கு மஞ்சட்கருவே பிரதான ஆகாரம். பொரிப்பதற்கு இரண்டொரு நாள் முன்னர், மீந்துள்ள மஞ்சட்கரு அதன் பையோடு தொப்புள் வழியே குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக் கொள்ளப்படுகிறது. பின்னர்த் தொப்புள் மூடிக் கொள்கிறது. பொரித்த குஞ்சின் எடை சுமார் 40 கிராம் என்றால், அதில் 4 முதல் 8 கிராம் வரை இந்த மீதமே. தூரப் பிரயாணம் செல்பவனுக்குத் தாய் மடித்துக் கொடுக்கும் கட்டுச்சோறு போன்றது அது. கொழுப்பும் புரதமும் அதில் உண்டு. அவற்றுடன், தாய்க்கோழி தான் கண்ட நோய்களுக்கு எதிராகத் தன் உடலில் உண்டாக்கி வைத்த எதிர்ப்புச் சக்தியும் அம்மஞ்சட்கருவில் சேர்ந்து வருகிறது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன்பே, பொரித்துப் பத்து நாள் சென்ற குஞ்சை அறுத்துப் பார்த்து, குடலை ஒட்டிச் சிறிது மஞ்சட்கரு எஞ்சியிருப்பதை எழுதி வைத்திருக்கிறார்.

இயற்கை இதனை ஏன் வைத்தது என்பதை, அடைக்கோழி வைத்துப் பழகியவர்கள் எளிதில் உணர்வார்கள். பத்து முட்டைகளும் ஒரே நாழிகையில் பொரிப்பதில்லை. முதற் குஞ்சு வெளிவந்து ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தே கடைக் குஞ்சு ஓட்டை உடைக்கும். அதுவரை தாய் எழுந்து போகலாகாது. எழுந்தால் மற்ற முட்டைகள் குளிர்ந்துவிடும். முன்னே பிறந்தவை பின்னே பிறப்பவற்றுக்காகச் சிறகின்கீழ்க் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்புக்கே கட்டுச்சோறு. கடைசிக் குஞ்சும் உலர்ந்தவுடன் தாய் எழுந்து, தரையைக் கிளறி, கொக்கரித்து அழைத்து, இரையைக் கொத்திக் காட்டத் தொடங்கிவிடுகிறாள். மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்கும் தாய்க்கோழியை எவரும் கண்டதில்லை.

மனிதன் இந்த அவகாசத்தைத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்திக் கொண்டான். 1918ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபால் இலாகா ஒரு நாள் குஞ்சுகளைப் பார்சலாக ஏற்கத் தொடங்கிற்று. பொரித்த 72 மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மூன்று நாள் என்னும் கணக்கு ஊரெங்கும் பரவியதற்கு இத்தகைய விதிகளே காரணம் என்பது நமது அபிப்பிராயம். 72 மணி நேரம் என்பது குஞ்சு உயிரோடிருக்கக் கூடிய எல்லை. அதுவரை குறைவின்றி வளரும் என்று எவரும் உறுதி கூறவில்லை. இவ்விரண்டையும் நாம் ஒன்றெனக் கொண்டதே பிழை.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் குஞ்சு என்னும் பெயரே நம்மை ஏமாற்றக் கூடியது. பொரிப்பகத்துப் பெட்டியிலும் குஞ்சுகள் 24 மணி முதல் 36 மணி நேரம் வரை முன்பின்னாகவே பொரிக்கின்றன. எல்லாம் பொரித்து உலர்ந்த பிறகே வெளியே எடுக்கிறார்கள். அதன்பின் கழித்தல், எண்ணுதல், தடுப்பூசி, பெட்டியில் அடைத்தல், வண்டிப் பிரயாணம். ஆக, நம் வாசலில் வந்திறங்கும் பெட்டியில் சில குஞ்சுகள் பிறந்து இரண்டு நாட்களுக்கு மேலும் ஆகியிருக்கலாம். அம்மையார் வீட்டுத் திண்ணையில் அவை கழித்த பதினைந்து மணி நேரம், முதலில் வந்த பதினைந்து மணி நேரமன்று. கடைசியில் வந்து சேர்ந்ததாகும்.

இனி, குஞ்சின் வயிற்றுக்குள் அந்நேரத்தில் நடப்பது யாது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கோழியின் சீரண உறுப்புகள் அங்கத்தினர்கள் அறியாதவை அல்ல. கழுத்தடியில் இரைப்பை, அங்கே தீனி நனைந்து ஊறுகிறது. அடுத்து அமில நீர் சுரக்கும் சிறு பை. அதற்கடுத்துத் தடித்த தசையாலான அரைவைப்பை, நம் வீட்டு ஆட்டுரல் போன்றது. பின்னர்ச் சிறுகுடல், அங்கேதான் கணையத்திலிருந்து வரும் நொதிகளும் ஈரலிலிருந்து வரும் பித்தநீரும் கலந்து தீனியைக் கரைக்கின்றன, கரைந்த சத்தைக் குடற்சுவர் உறிஞ்சுகிறது. அச்சுவரின் உட்புறம் வழவழப்பாக இராது. துவாலைத் துணியில் நூற்சுருள்கள் நெருங்கி நிற்பதுபோல, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய விரல்கள் ஏராளமாக நிற்கும். இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். சுருள் உயர்ந்து நெருங்கிய துவாலை எவ்வாறு அதிக நீரை ஈர்க்குமோ, அவ்வாறே உயர்ந்து நெருங்கிய உறிஞ்சிகளுள்ள குடல் அதிக சத்தை ஈர்க்கும்.

பிறந்த குஞ்சின் குடலில் இவ்வமைப்பு அரைகுறையாகவே இருக்கிறது. முட்டைக்குள் இருந்தவரை அதற்குச் செரிக்க வேண்டிய வேலை அதிகமில்லை. மஞ்சட்கருவின் கொழுப்பு பெரும்பாலும் இரத்தம் வழியே நேராக உடலில் சேர்ந்துவிட்டது. பிறந்தபின்னரோ மாவுப் பண்டமும் தானியப் புரதமும் வந்து சேர்கின்றன. இந்த மாற்றத்துக்குக் குடல் தன்னைத் தயாரித்துக் கொள்ளும் வேகம் வியக்கத் தக்கது. முதல் இரண்டு நாட்களிலேயே உறிஞ்சிகள் ஏறக்குறைய இரட்டிப்பு உயரம் அடைகின்றன. முதல் வாரத்தில் உடல் வளரும் வேகத்தைவிடக் குடல் வளரும் வேகம் மிகுதி. உடல் எடையோடு ஒப்பிட்டால் ஆறாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் குடல் தன் உச்ச அளவை எட்டுகிறது. கறிக்கோழிக் குஞ்சு முதல் ஏழு நாளில் தன் பிறந்த எடைக்கு நான்கு மடங்காவது இக்குடலின் பலத்தினால்தான்.

இந்த வளர்ச்சி காலத்தால் மட்டும் தானே நிகழ்வதன்று என்பதே கவனிக்கற்பாலது. தீனி குடலைத் தொட வேண்டும். இஸ்ரேல் நாட்டு ஹீப்ரு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யேல் நோய், டேவிட் ஸ்க்ளான் ஆகியோர் 1990களில் இதனைப் பல சோதனைகளால் விளக்கினார்கள். பிறந்தவுடன் தீனி பெற்ற குஞ்சுகளையும் இரண்டு நாள் வரை தீனி பெறாத குஞ்சுகளையும் ஒப்பிட்டார்கள். தீனி பெறாதவை எடையில் குறைந்தன. அவற்றின் குடல் வளர்ச்சியும் பின்தங்கிற்று. இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறொன்று. வயிற்றிலுள்ள மஞ்சட்கரு எந்தக் குஞ்சில் விரைவாகச் செலவாகும் என்று நம்மைக் கேட்டால், பட்டினி கிடக்கும் குஞ்சில்தான் என்று தயங்காமல் சொல்லியிருப்போம். சோதனை அதற்கு நேர்மாறாகக் காட்டிற்று. தீனி உண்ட குஞ்சுகளிலேதான் மஞ்சட்கரு விரைந்து கரைந்தது.

காரணம் இதுவாகும். மஞ்சட்கருப் பையிலிருந்து சிறுகுடலின் நடுப்பகுதிக்கு ஒரு சிறு குழாய் செல்கிறது. (வளர்ந்த கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது சிறுகுடலின் நடுவே ஒரு சிறு முனை தென்படும், அக்குழாயின் எச்சமே அது.) தீனி உள்ளே சென்றதும் குடல் அசையத் தொடங்குகிறது, அந்த அசைவு மஞ்சட்கருவைக் குழாய் வழியே குடலுக்குள் இழுத்துச் செரிமானத்துக்குக் கொண்டு வருகிறது. வயிறு வெறுமையாயின் அசைவு குறைவு, இழுப்பும் குறைவு. ஆக, கட்டுச்சோற்று மூட்டை முதுகிலேயே இருக்க, அவிழ்க்கக் கை எழாமல் பசித்துக் கிடக்கும் வழிப்போக்கன் நிலைதான் குஞ்சுக்கு நேர்கிறது. வெளியே இரை கொடுத்தால்தான் உள்ளே இருப்பதும் முழுப் பயன் தரும். மூன்று நாள் சோறு இருக்கிறதென்று சொல்லி இரையைத் தள்ளி வைக்கச் செய்த நாம், அச்சோற்றையும் சேர்த்தே தள்ளி வைக்கச் செய்திருக்கிறோம்.

அதே ஆராய்ச்சியாளர்கள் குஞ்சுகளுக்குச் சத்தே இல்லாத மரத்தூளையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனாலும் தொடக்கத்தில் சிறிது முன்னேற்றம் கண்டது. ஆனால் அது நிலைக்கவில்லை. சத்துள்ள தீனி முன்கூட்டியே பெற்ற குஞ்சுகளோ விற்பனை வயது வரையில் எடையில் முந்தியே நின்றன. நாற்றங்காலில் சத்துக் குறைந்த பயிர் நடவு வயலில் எத்தனை உரமிட்டாலும் பிந்தியே வருவதை விவசாய அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நெதர்லாந்து முதலிய நாடுகளில் பொரிக்கும் பெட்டிக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. நம் சங்கங்களுக்கு அத்தகைய இயந்திரங்கள் எட்டாதவை. ஆனால் பெட்டி வந்த அன்றே, வந்த நாழிகையிலேயே திறப்பது நம் கையில் இருக்கிறது.

திறப்பதற்கு முன்னரே இடம் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த குஞ்சு இரை தேடாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கும். பிறந்த சில நாட்களுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் சக்தி குஞ்சுக்கு இல்லை. ஆகவே முதல் வாரத்தில் அடைகாப்பானின் கீழ்ச் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வரலாம். குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்பது பழைய கணக்கு. நூறு குஞ்சுக்கு நூறு வாட் பல்பு இரண்டு. இக்கணக்கு இழைப் பல்புகளுக்கே பொருந்தும். இப்போது வீடுகளில் எரியும் எல்இடி பல்பு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது. பெட்டிக்கு மேலே எல்இடி பல்பு பிரகாசமாக எரிய, கீழே குஞ்சுகள் நடுங்கிக் கொண்டிருந்ததை நாம் வேறோர் ஊரில் நேரில் கண்டிருக்கிறோம். மின்சாரம் நின்றால் மண்சட்டியில் கரித்தணல் வைப்பவர்கள், புகை அடங்கிய தணலாகப் பார்த்து, காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டும். உஷ்ணமானியைவிடக் குஞ்சுகளையே பார்ப்பது நலம்: விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் வெப்பம் மிகுதி, எங்கும் பரவி மேய்ந்தால் சரி.

தண்ணீர் முதலில், தீனி பின்னர். பிரயாணத்தில் குஞ்சு இழப்பது முதலில் நீரையே. குளிர் நீங்கிய தண்ணீரில் சிறிது வெல்லமோ குளுக்கோஸோ கரைத்து முதல் சில மணி நேரம் வைக்கலாம். நாலைந்து குஞ்சுகளின் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் மற்றவை பார்த்துக் கற்றுக் கொள்ளும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்ப மறக்கலாகாது; இரண்டு விரற்கடைத் தண்ணீரிலும் குஞ்சு மூழ்கிச் சாகும். தண்ணீர் பருகத் தொடங்கியதும் தீனியைத் தட்டில் மட்டும் வைக்காமல் தாளின்மீதும் தூவ வேண்டும். ஒரு குஞ்சு கொத்தும் ஓசை மற்றவற்றை அழைக்கும். வழவழப்பான தாளில் கால்கள் இருபுறமும் வழுக்கி முடமாவதுண்டு. சொரசொரப்பான தாளே ஏற்றது. மூன்று நான்கு நாட்களில் தாளை அகற்றிவிடலாம். தாளின்றி நெல் உமியின்மேல் நேரே விட்டால், விவரமறியாத குஞ்சு உமியையே கொத்தி அரைவைப்பையை நிரப்பிக் கொள்ளும்.

இரை உண்டதா இல்லையா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அன்றிரவு கைவிளக்கை எடுத்துக்கொண்டு சென்று இருபது முப்பது குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்தடியில் இரைப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். களிபோல மெத்தென்று உருண்டிருந்தால் தீனியும் நீரும் சேர்ந்திருக்கின்றன. கெட்டியாக, தானியம் தட்டுப்பட்டால் தண்ணீர் போதவில்லை. நீர்ப்பைபோலத் தளும்பினால் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறது. வெறுமையாயிருந்தால் அக்குஞ்சுக்கு இன்னும் இரை தெரியவில்லை. வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 95 குஞ்சுகளின் இரைப்பையாவது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தால் உஷ்ணத்தையும், வெளிச்சத்தையும், தண்ணீர் வைத்த இடத்தையும் அப்போதே பார்த்துச் சீர்ப்படுத்தலாம். மூன்றாம் நாள் பார்ப்பதில் பயன் குறைவு.

தீனி எது என்பதில் ஊருக்கொரு பழக்கம் இருக்கிறது. அரிசி நொய்யையும் கேழ்வரகையும் ஒரு வாரம் போடுபவர்கள் உண்டு. மாவுப் பண்டத்தைக் குஞ்சு பிறந்த நாளிலிருந்தே நன்றாகச் செரிக்கும். ஆகவே முதல் நாளில் சிறிதளவு உடைத்த மக்காச்சோளமோ நொய்யோ கொடுப்பதில் தீங்கில்லை. பின்புறத்தில் எச்சம் ஒட்டி அடைப்பதையும் அது ஓரளவு தடுக்கும். ஆனால் குடலே உருவாகும் வாரம் அது; குடல் உருவாவதற்குப் புரதம் வேண்டும். நொய்யில் அது போதாது. நூற்றுக்கு இருபது பங்கு புரதமுள்ள குஞ்சுத் தீவனத்தை முதல் நாளிலிருந்தே தொடங்குவதே முறை. கொழுப்பைச் செரிக்கும் சக்தி முதல் வாரத்தில் குறைவு; பித்தநீரும் அதற்கான நொதியும் மெல்ல மெல்லவே பெருகுகின்றன. எண்ணெய்ப் பசை மிகுந்த தீனியால் அப்போது பயனில்லை. சோயா மொச்சையைப் பச்சையாக அரைத்துச் சேர்ப்பது அதைவிடக் கெடுதல். புரதத்தைக் கரைக்கும் நொதியையே அது தடுத்துவிடும். வறுத்தோ வேகவைத்தோ சேர்த்தால் அத்தோஷம் நீங்கும்.

புறக்கடையில் வளர்ப்பவர்கள் கரையானை மறக்க வேண்டாம். பழஞ்சாக்கும் சாணமும் ஓலைத் துண்டும் பானையில் திணித்து, நீர் தெளித்து, இரவு கவிழ்த்து வைத்தால் விடியலில் ஒரு கைப்பிடி கரையான் கிடைக்கும். நம் பாட்டிமார் கண்ட இம்முறை, காசில்லாத புரதம்.

கடலைப் பிண்ணாக்கு பற்றி ஒரு வார்த்தை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய விஷமே காரணமென்று பின்னர் வெளியாயிற்று. அஃப்ளடாக்ஸின் எனும் பெயர் அதிலிருந்தே வழங்கலாயிற்று. அவ்விஷம் பெரிய பறவைகளைவிடக் குஞ்சுகளையே அதிகம் தாக்கும். மழையில் நனைந்த கடலையையும் மக்காச்சோளத்தையும் விற்க முடியவில்லையென்று குஞ்சுக்குப் போடும் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

பிறந்த குஞ்சின் குடல் ஏறக்குறைய வெற்று நிலம். நன்மை செய்யும் நுண்கிருமிகளும் தீமை செய்பவையும் அதில் குடியேறப் போட்டியிடுகின்றன, முந்தியது வேரூன்றுகிறது. தாயுடன் திரியும் குஞ்சு தாய் கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தி, நல்ல கிருமிகளை விரைவில் பெறுகிறது. பொரிப்பகக் குஞ்சுக்குத் தாயில்லை. 1973ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு நூர்மி, ரந்தாலா என்னும் இருவர், ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடற்சரக்கைக் குஞ்சுகளுக்குப் புகட்டி, அவை சால்மொனெல்லா எனும் கிருமியை எதிர்த்து நிற்பதைக் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு ஊர்க்கோழி எச்சத்தை எடுத்துக் குஞ்சுகளுக்குப் போடலாமோ என்று எவரும் எண்ண வேண்டாம்; இரத்தக் கழிச்சலும் புழுவும் அதனோடு வந்து சேரும். நாம் கொள்ள வேண்டியது, முதல் வாரத்தில் தண்ணீர்த் தட்டைத் தினம் இருமுறை கழுவுவதும், ஈரக் கூளத்தை அகற்றுவதும், காரணமின்றி மருந்து கொடுத்து நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்காமலிருப்பதுமே.

இனி, நிர்வாகக் குழுக்களுக்கு உரிய விஷயம். குஞ்சு செத்தால் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? செத்த நாளும் செத்த குஞ்சின் வயிறுமே இதற்குச் சாட்சி. முதல் மூன்று நான்கு நாளில், தொப்புள் ஈரமாகி வீங்கி, வயிறு ஊதி, அறுத்தால் மஞ்சட்கரு கரையாமல் துர்நாற்றத்துடன் இருக்குமாயின், அது தொப்புள் வழியாகவோ அழுக்கு முட்டை வழியாகவோ ஏறிய கிருமியின் வேலை. பொரிப்பகத்தின் சுத்தக் குறைவைச் சந்தேகிக்க இடமுண்டு. நாலாம் ஐந்தாம் நாளில், இரைப்பை வெறுமையாகி, பித்தப்பை மட்டும் பருத்து, கால் உலர்ந்து மெலிந்து சாகும் குஞ்சுகளோ, இரையே தொடங்காதவை; மஞ்சட்கரு தீர்ந்ததும் மடிகின்றன. இதில் பெரும்பங்கு வளர்ப்பவர் பொறுப்பும், நீண்ட பிரயாணத்தின் பொறுப்பும் ஆகும். செத்த குஞ்சுகளைப் புதைத்துவிட்டு வழக்காடுவதில் பயனில்லை. இரண்டு மூன்றைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு எடுத்துச் சென்றால், பரிசோதித்து எழுத்தில் தருவார்கள். அந்தத் தாள் ஒன்றே எந்தத் தீர்மானத்தையும் தாங்கி நிற்கும்.

அச்சங்கத்திலோ எல்லாக் குஞ்சுகளையும் புதைத்துவிட்டிருந்தார்கள். அம்மையார் நாட்காட்டியில் தினமும் கோடு போட்டு வைத்திருந்தபடியால், மடிந்த 34இல் 25 நான்காம் ஐந்தாம் நாட்களில் மடிந்தவை என்பது மட்டும் தெரிந்தது. பொரிப்பகத்தாரும் இரவில் சேரும்படி வண்டி அனுப்பியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே என்றாலும், பாக்கியை நிறுத்தி வைக்க அது போதிய ஆதாரமாகாது என்று குழுவினரிடம் கூறினோம். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அம்மையாரின் முதல் தவணையை ஆறு மாதம் ஒத்தி வைக்கப் பரிந்துரைத்து ஆய்வுக் குறிப்பு எழுதினோம். நஷ்டத்தின் காரணம் என்னும் பத்தியில், முந்திய மகாசபையில் அளிக்கப்பட்ட தவறான ஆலோசனையும் ஒரு காரணம் என்று எழுதி, அந்த ஆலோசனை யாருடையது என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டோம்.

தை மாதத்தில் சங்கம் மறுபடி குஞ்சு தருவித்தது. வண்டி விடியற்காலையில் வந்து சேரும்படி முன்னரே கடிதம் எழுதி உறுதி வாங்கியிருந்தார்கள். அன்று நாமும் சென்றிருந்தோம். அம்மையார் வீட்டில் முந்தின இரவே அட்டை வளையம் கட்டி, பல்பு எரியவிட்டு, கூளத்தைத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். பாவு வேலை அன்று ஒத்தி வைக்கப்பட்டிருந்தது. இரவு எட்டு மணிக்கு அவரும் மகளும் கைவிளக்குடன் உட்கார்ந்து முப்பது குஞ்சுகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு மட்டும் வெறுமையாயிருந்தன. அவ்விரண்டையும் தனியே எடுத்து மடியில் வைத்துத் தண்ணீர் காட்டினார் மகள். பத்தாம் நாள் கணக்கில் 97 குஞ்சுகள் இருந்தன. மடிந்த மூன்றில் ஒன்று தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்தது. கூழாங்கல் போட நாம் சொல்லியும் மறந்துவிட்டதாக அவரே தெரிவித்தார். சித்திரையில் சேவல்களை விற்று முதல் தவணையைச் செலுத்தியிருக்கிறார். ரசீதின் எண் சங்கப் பேரேட்டில் பதிவாகியிருக்கிறது.